குடும்ப விழாவுக்கு 38 பேர்தான் வந்தார்கள், என்ன செய்வது?

வாசகர் கடிதம்: கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையே உள்ள வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் மனிதவளப் பிரிவில் மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். மொத்தம் 140 பேர். அவர்களில் 62 பேர் பெண்கள், 25 பேர் வடமாநிலத் தொழிலாளர்கள். காவேரிப்பட்டணம், பர்கூர், வேப்பனஹள்ளி ஆகிய மூன்று வழித்தடங்களில் கம்பெனி பஸ் ஓடுகிறது. எங்கள் முதலாளி நல்லவர். சம்பளம் ஒரு மாதமும் தாமதமானதில்லை. "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று அடிக்கடி சொல்வார். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் மண்டபம் எடுத்து, சாப்பாடு, விளையாட்டுப் போட்டி, பிள்ளைகளுக்குப் பரிசு என்று ஒன்றரை லட்சம் ரூபாய் செலவில் குடும்ப விழா நடத்தினோம். தொழிலாளர்களில் 38 பேர்தான் வந்தார்கள். சமைத்ததில் பாதிக்கு மேல் மீந்துவிட்டது. மனம் நொந்துபோன முதலாளி, அடுத்த ஆண்டு வருகையைக் கட்டாயமாக்கலாம் என்றும், செலவில் ஒரு பங்கைச் சம்பளத்தில் பிடித்தால்தான் மதிப்புத் தெரியும் என்றும் சொல்கிறார். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. ஆனால் அவரிடம் எடுத்துச் சொல்ல என்னிடம் வேறு வழியும் இல்லை. தொழிலாளர்களிடம் ஒற்றுமை உணர்வை எப்படி வளர்ப்பது?
— கிருஷ்ணகிரி மாவட்ட வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். முதலாளியின் இரண்டு யோசனைகளுக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விழாச் செலவைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு, வருமான வரி, வாங்கிய முன்பணம் என்று ஊதியத்தில் எவற்றைப் பிடிக்கலாம் என்பதை 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் வரையறுத்து வைத்தது. அதன் இடத்துக்கு வந்துள்ள 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டமும் அப்படி ஒரு பட்டியலைத் தருகிறது. இரண்டிலும் விருந்துச் செலவுக்கு இடமில்லை. அடுத்து, வார விடுமுறை நாளில் வந்தே ஆக வேண்டும் என்று நிர்வாகம் ஆணையிட்டால், அது விழா என்ற பெயரை இழந்து வேலை நாளாகிவிடுகிறது; அதற்கு ஈடான விடுப்பைத் தொழிலாளி கேட்டால் மறுப்பதற்கு உங்களிடம் நியாயம் இருக்காது. உங்களுக்கு இரண்டும் சரியாகப் படவில்லை என்றீர்கள் அல்லவா? அந்த உணர்வு சரியானது. அதை முதலாளியிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆனால் சட்டத்தை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால் அவருடைய வருத்தம் அப்படியே இருக்கும். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். இலை போட்டுக் காத்திருந்து, ஆள் வராமல் சோறு மீந்துபோவது எந்த வீட்டுக்காரருக்கும் தாங்கக்கூடியதாக இருக்காது. தொழிலாளர்களுக்கு நன்றி இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்திருப்பார் என்று நினைக்கிறேன். அந்த முடிவுதான் தவறு. அதை மாற்றுவதற்கான செய்திகள் உங்கள் அலுவலகப் பதிவேடுகளிலேயே இருக்கின்றன.

வந்த 38 பேர் யார் யார் என்று வழித்தடம் வாரியாகப் பிரித்துப் பார்த்தீர்களா? அன்று கம்பெனி பஸ் ஓடியதா? ஓடியிருந்தால் மூன்று வழித்தடங்களிலும் ஓடியதா, குடும்பத்தோடு ஏற இடம் இருந்ததா? நான் ஒரு தொழிற்சாலையில் நல அலுவலராக இருந்தபோது இதே போன்ற ஆண்டு விழாவை ஞாயிற்றுக்கிழமையில் வைத்து, இதே போல் ஆள் வராமல் திகைத்து நின்றேன். அடுத்த வாரம் தேநீர் இடைவேளைகளில் ஒவ்வொருவராகக் கேட்டபோதுதான், டிரைவர்களுக்கும் அன்று விடுமுறை என்பதால் பஸ்ஸே ஓடவில்லை என்ற எளிய உண்மை எனக்குத் தெரிந்தது. மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, மணிக்கு ஒன்றாக வரும் டவுன் பஸ்ஸில் இரண்டு இடத்தில் மாறி மண்டபத்துக்கு வரச் சொன்னால் யாராலும் வர முடியாது. அந்த விழாவில் ஏற்பாட்டாளன் நான், குற்றமும் என்னுடையதே.

அப்போது ஒரு பெண் சொன்ன பதில் இன்றுவரை என் நினைவில் இருக்கிறது. "ஞாயித்துக்கிழம ஒரு நாளுதான் சார் என் புள்ளைக்கு நானே தலைக்கு ஊத்த முடியுது" என்றார். அவருடைய வாரத்தை நினைத்துப் பாருங்கள். உங்கள் வேப்பனஹள்ளி வழித்தடப் பெண்களின் வாரமும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். விடியலுக்கு முன் எழுந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, சோறாக்கி, பிள்ளைக்கு ஜடை போட்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து வந்து, பொழுது சாய்ந்த பிறகு வீடு திரும்புகிறவர்களுக்கு ரேஷன் கடையும் துணி துவைப்பதும் தாய் வீட்டுக்குப் போய் வருவதும் ஒரே நாளில்தான் முடிய வேண்டியிருக்கிறது. அந்த நாளில் மண்டபத்துக்கு வராமல் வீட்டில் இருந்தவர், உண்மையில் தன் குடும்ப விழாவில்தான் இருந்தார். குடும்பத்துக்கு இணக்கமான நிறுவனம் என்று பெயர் எடுக்க விரும்புகிற முதலாளி, அவர் வீட்டில் இருந்ததைத் தன் மேல் காட்டிய அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அழைத்த முறையையும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒரு நல்ல காரியத்துக்குக் கூப்பிடுவதென்றால் வீட்டுக்குப் போய், வெற்றிலை பாக்கு வைத்து, பெரியவர்களிடம் "குடும்பத்தோட வந்திடணும்" என்று சொல்வதுதான் முறை. பத்திரிகை கையில் கொடுத்தாலே "வழியில பாத்து நீட்டிட்டான்" என்று குறைபட்டுக்கொள்கிற ஊர் இது. அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளும் வாட்ஸ்அப் குழுவில் போட்ட செய்தியும் தொழிலாளிக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும். விழா யாருக்காக நடத்தப்பட்டதோ அந்த மாமியாருக்கும் கணவருக்கும் யாரும் அழைப்புச் சொல்லவில்லை. 140 வீடுகளுக்கும் முதலாளி போய் வர முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு வழித்தடத்திலும் மூத்த தொழிலாளி ஒருவர், தன் ஊரைச் சுற்றியுள்ள வீடுகளுக்குப் போய்ச் சொல்லி வரலாம். அதற்காக அரை நாள் சம்பளத்தோடு அவரை அனுப்பிவைக்கலாம்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஒற்றுமை உணர்வை வளர்ப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில், அது பெரும்பாலான தொழிற்சாலைகளில் ஏற்கெனவே இருக்கிறது. நிர்வாகம் அறியாமல் அதைக் குலைத்துவிடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். நானே கையெழுத்திட்ட ஒரு ஆணையைச் சொல்கிறேன். இயந்திரங்கள் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காக, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருந்த சாப்பாட்டு இடைவேளையை மூன்று பிரிவாக்கினோம். கணக்குப்படி அது சரியான ஏற்பாடு. ஆனால் அதுவரை ஒரே ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி கொண்டுவந்த களி உருண்டையையும் இன்னொருத்தி கொண்டுவந்த அவரைக்கொட்டைக் குழம்பையும் பகிர்ந்து சாப்பிடுவார்கள். அந்த அரை மணி நேரத்தில்தான், யார் வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல், நாளைக்கு யார் யாருக்காக ஷிப்ட் மாற்றிக்கொள்வது, புதிதாகச் சேர்ந்த பெண்ணை எந்தச் சூப்பர்வைசர் அதிகம் கடிந்துகொள்கிறார் என்பதெல்லாம் பேசி முடிவாகும். இடைவேளையைப் பிரித்த மூன்று நான்கு மாதங்களில் ஷிப்ட் மாற்றம் குறித்த சச்சரவுகள் என் மேசைக்கு வரத் தொடங்கின. சொல்லாமல் விடுப்பு எடுப்பதும் கூடியது. காரணம் புரிய எனக்கு நீண்ட காலம் ஆனது. தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டிருந்த இடத்தை நாங்கள் எடுத்துவிட்டோம் என்று உணர்ந்த பிறகு, இயந்திர வரிசைப்படி பிரித்ததை மாற்றி, பஸ் வழித்தடப்படி பிரித்தோம். இயந்திரங்களும் ஓடின; ஒரே ஊர்க்காரர்கள் மறுபடியும் ஒன்றாக உட்கார்ந்தார்கள்.

ஆகவே புதிதாக எதையும் தொடங்குவதற்கு முன், உங்கள் தொழிற்சாலையில் மக்கள் எங்கே, எப்போது தாமாகக் கூடுகிறார்கள் என்று ஒரு மாதம் கவனியுங்கள். சாப்பாட்டு இடம், பஸ்ஸின் பின் இருக்கைகள், தண்ணீர்க் குழாயடி, ஷிப்ட் மாறும் பத்து நிமிடம் ஆகியவை அப்படிப்பட்ட இடங்களாக இருக்கலாம். அங்கே போய் உட்காராதீர்கள். மனிதவளப் பிரிவைச் சேர்ந்தவர் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். நிழலும் மின்விசிறியும் கை கழுவத் தண்ணீரும் நெருக்கியடிக்காத நேரமும் அங்கே இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

துக்கத்தில் நிறுவனம் நடந்துகொள்ளும் விதமும் இதில் சேரும். ஒரு தொழிலாளியின் தந்தை இறந்துவிட்டால், அவரோடு வேலை செய்கிற பத்துப் பேர் மாலை போட்டு வர விரும்புவார்கள். அடக்கம் பிற்பகல் மூன்று மணிக்கு என்றால், ஷிப்ட் முடிந்து போவதில் பயனில்லை. அந்த நேரத்தில் ஒரு வேனை எடுத்துக்கொடுத்து, இரண்டு மணி நேரத்தைச் சம்பளத்தில் பிடிக்காமல் விட்ட நிர்வாகத்தை அந்த ஊரே நினைவு வைத்திருக்கும். ஒன்றரை லட்சம் ரூபாயில் இத்தகைய வேன்கள் ஆண்டு முழுவதற்கும் ஓடும் என்று முதலாளியிடம் கணக்குப் போட்டுக் காட்டுங்கள்.

மொய் விவகாரத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். நம் பக்கத்தில் மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். நோட்டில் எழுதி வைக்கப்படுவது. கல்யாணம், காதணி விழா, கிரகப்பிரவேசம் என்று பிரிவுக்குப் பிரிவு பட்டியல் எடுத்து, ஆளுக்கு இருநூறு என்று சூப்பர்வைசரே கை நீட்டினால், இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டே மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை இழப்பவர்கள் உண்டு. நட்புக்குள் நடப்பதை நிர்வாகம் தடுக்க வேண்டாம். ஆனால் வசூல் செய்பவர் வேலை வாங்கும் அதிகாரம் உள்ளவராக இருக்கக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள்.

"ஒரே குடும்பம்" என்ற சொல்லைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாளி அன்போடுதான் சொல்கிறார் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் குடும்பத்தில் கணக்குக் கேட்பது குறையாகக் கருதப்படும்; அண்ணன் ஏசினால் பொறுத்துப் போ என்பார்கள்; வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்பார்கள். இந்த மூன்றும் தொழிற்சாலைக்குள் வந்துவிட்டால், மிகை நேர ஊதியம் இரட்டிப்பாக வந்திருக்கிறதா என்று கேட்கிற தொழிலாளி நன்றிகெட்டவராகிறார். "பாப்பா" என்று அழைத்துத் தோளைத் தொடுகிற சூப்பர்வைசரைப் பற்றி முறையிட நினைக்கும் பெண்ணிடம், "அவர் உனக்கு அண்ணன் மாதிரி" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண் ஒரு மாதத்தில் வேலையை விட்டு நின்றுவிட்டார். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். மூத்த நிலையில் உள்ள ஒரு பெண்தான் அதன் தலைவர். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவரும் இடம்பெற வேண்டும். நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனமும் அந்தச் சட்டப்படி பணியிடமே. ஆகவே உங்கள் மூன்று பஸ்களும் அதற்குள் வருகின்றன. குழு உறுப்பினர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் பஸ்ஸுக்குள் ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். நம் எல்லைப் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டு மொழியாக உள்ள பெண்கள் பலர் உண்டு. தமிழில் பேசினாலும் படிக்கத் தெரியாதவர்கள் அவர்களில் இருக்கலாம் என்பதால், ஒருமுறை வாய்மொழியாகவும் அந்தந்த மொழியில் சொல்லிவிடுங்கள். தன்னைக் காக்க ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்த பெண்தான் சக தொழிலாளிகளோடு இயல்பாகச் சிரித்துப் பேசுவார்.

குழந்தைகள் காப்பகத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் செய்யப்பட்ட திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தில் காப்பக வசதி இருக்க வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. ஓய்வு இடைவேளையையும் சேர்த்து ஒரு நாளில் நான்கு முறை தாய் போய்க் குழந்தையைப் பார்த்து வர அனுமதிக்க வேண்டும். உங்கள் நிறுவனத்தில் 140 பேர். ஒருவேளை, பல இடங்களில் நான் கண்டது போல, ஒரு அறையில் தொட்டிலும் பொம்மையும் வைத்துப் பூட்டி, "யாரும் குழந்தையைக் கொண்டுவருவதில்லை" என்று எழுதி வைத்திருக்கலாம். ஏன் கொண்டுவருவதில்லை என்று கேட்டால், மறுபடியும் பஸ்ஸில்தான் வந்து நிற்போம். எட்டு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, நின்றபடி பயணிப்பவர்கள் நிறைந்த பஸ்ஸில் ஒரு மணி நேரம் யார் வருவார்கள்? கைக்குழந்தையோடு வருபவருக்கு முன் இருக்கையை ஒதுக்குங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊரறிந்த, வயது முதிர்ந்த ஒரு பெண்ணை நியமியுங்கள். முகம் தெரியாதவரிடம் எந்தத் தாயும் பிள்ளையை விட்டுவிட்டு நிம்மதியாக வேலை செய்ய மாட்டார். பால் காய்ச்ச அடுப்பும் துணி மாற்ற இடமும் ஈக்கள் நுழையாத ஜன்னலும் வேண்டும். தனியாகச் செய்ய வசதி இல்லையென்றால், அருகிலுள்ள நிறுவனங்களோடு சேர்ந்து பொதுக் காப்பகமாக நடத்தவும் சட்டம் இடம் தருகிறது.

மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரங்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் இ.எஸ்.ஐ. காப்பீட்டாளர்களுக்கு விடுப்புக் காலத்துப் பணத்தை இ.எஸ்.ஐ. கழகமே தருகிறது, அதற்கு, முந்தைய இரண்டு தொடர்ச்சியான பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாட்களுக்காவது பங்களிப்பு செலுத்தப்பட்டிருக்க வேண்டும். இது தெரியாமல் ஐந்தாம் மாதத்திலேயே கணக்கை முடித்துக்கொண்டு போய்விடும் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். வளைகாப்புக்குத் தட்டு வரிசை வைத்துப் புடவை எடுத்துக் கொடுக்கிற நிறுவனம், அன்றே இந்தப் பணத்துக்கான இ.எஸ்.ஐ. படிவத்தையும் நிரப்பிக் கொடுத்தால் நன்றாக இருக்கும். விடுப்பு முடிந்து திரும்பும்போது, பழைய இயந்திரமும் பழைய தோழிகளும் அங்கேயே இருக்க வேண்டும். பழகாத வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் பத்து நாளில் நின்றுவிடுவார்.

ஆண்களுக்கு இப்படி எதுவும் இல்லை. தனியார் நிறுவனத் தொழிலாளிக்குத் தந்தைமை விடுப்பைக் கட்டாயமாக்கும் பொதுச் சட்டம் நம் நாட்டில் கிடையாது. மத்திய அரசின் ஆண் ஊழியர்களுக்கு 15 நாட்கள் உண்டு. உங்கள் முதலாளி தாமாக ஐந்து நாட்கள் கொடுத்தாலும், கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனை வாசலில் பிரசவத்துக்குக் காத்திருக்கிற அந்த இளைஞன் அவரை வாழ்நாள் முழுவதும் மறக்க மாட்டான்.

திருவிழா விடுப்புதான் நம் ஊரில் எப்போதும் சண்டையில் முடிகிறது. தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்களுக்கான 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை நாட்களும் விடுமுறையாக வேண்டும். அந்த ஐந்தும் பெரும்பாலும் பொங்கல், தீபாவளி, ஆயுத பூஜை என்று நிரம்பிவிடும். ஆனால் இங்கே ஒவ்வொரு ஊர் மாரியம்மனுக்கும் ஒவ்வொரு தேதி. காவேரிப்பட்டணத்துக்காரருக்கு மாசி மாத மயானக் கொள்ளை. தெலுங்கு, கன்னடக் குடும்பங்களுக்கு யுகாதி. இஸ்லாமியக் குடும்பங்களுக்கு ரம்ஜான். மாவிளக்கு எடுக்க வேண்டிய பெண் அன்று வேலைக்கு வந்தால், அவருடைய உடல் மட்டும்தான் இயந்திரத்தின் முன் இருக்கும். ஊர்த் திருவிழா விடுப்பு என்று ஆளுக்கு ஒரு நாளைச் சம்பளத்தோடு கூடுதலாகக் கொடுங்கள். எந்த நாள் என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே அவரவர் எழுதிக்கொடுக்கட்டும். ஊர்கள் வேறு வேறாக இருப்பதால் எல்லோரும் ஒரே நாளில் போக மாட்டார்கள். ஒருவருக்காக மற்றவர் நின்று வேலை செய்யும் பழக்கமும் தானாக வரும். மா மரம் வைத்திருப்பவர்களுக்கு மாங்காய் அறுவடை நாட்களிலும், மானாவாரியாகக் கேழ்வரகு போட்டவர்களுக்குக் கதிர் அறுக்கும் நாட்களிலும் இதே போன்ற நெருக்கடி உண்டு. அவற்றையும் அந்தத் தாளிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வடமாநிலத் தொழிலாளர்கள் 25 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். குடும்ப விழா என்று அவர்களை அழைத்தபோது, அவர்களுடைய குடும்பம் எங்கே இருந்தது என்று யாராவது நினைத்துப் பார்த்தார்களா? அவர்களுக்கு நிறுவனம் செய்யக்கூடிய பெரிய உதவி, ஊருக்குப் போகும் விடுப்பை முன்கூட்டியே உறுதி செய்வது. ரயிலில் இப்போது 60 நாட்களுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. தொலைதூர வண்டிகளில் இடம் உடனே தீர்ந்துவிடும். விடுப்பை எழுபது நாட்களுக்கு முன் அனுமதித்தால் அவர் படுக்கை வசதியோடு போவார். இருபது நாட்களுக்கு முன் அனுமதித்தால் பொதுப் பெட்டியின் கழிப்பறை வாசலில் உட்கார்ந்து இரண்டு இரவுகள் பயணம் செய்வார்.

அப்படியானால் விழாவே வேண்டாமா என்று முதலாளி கேட்பார். வேண்டும், ஆனால் அதற்கென்று ஒரு நாளை நீங்கள் புதிதாகத் தேட வேண்டியதில்லை. ஆயுத பூஜைக்கு முந்தைய வேலை நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று எப்படியும் பிற்பகலில் உற்பத்தியை நிறுத்தி, எண்ணெய் துடைத்து, இயந்திரங்களைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைக்கப்போகிறீர்கள். மூன்று மணிக்கு மின் இணைப்பை முழுவதும் துண்டித்துவிட்டு, மூன்று பஸ்களையும் ஊர்களுக்கு அனுப்பி வீட்டாரை அழைத்துவாருங்கள். அம்மா எந்த இயந்திரத்தின் முன் நின்று வேலை செய்கிறாள் என்று பிள்ளைகள் பார்க்கட்டும். அவள் செய்கிற சிறிய உலோகத் துண்டு வண்டியின் எந்தப் பகுதிக்குப் போகிறது என்பதை, பொறியாளரை விட்டு விளக்கச் சொல்லாமல், அவளையே விளக்கச் சொல்லுங்கள். தன் மருமகள் எப்படிப்பட்ட வேலையைச் செய்கிறாள் என்று ஒருமுறை கண்ணால் பார்த்த மாமியார், மறுநாள் காலையில் சோறாக்க எழுந்துகொண்டதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். பூஜையில் நிற்க விரும்பாத பிற மதத்தவருக்கு அந்த அரை மணி நேரம் தனியாக இருக்க உரிமை வேண்டும்; இயந்திரத்தைக் காட்டுவதும் பொரிகடலையும் இனிப்பும் எல்லோருக்கும் பொது. இது முழுவதும் வேலை நேரத்துக்குள் முடிந்துவிடும். யாருடைய ஞாயிற்றுக்கிழமையும் பறிபோகாது.

முதலாளியிடம் பேசும்போது இத்தனையையும் ஒரே நாளில் சொல்ல வேண்டாம், அவர் தளர்ந்துபோவார். முதலில் பஸ்ஸை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் மூன்று டிரைவர்களிடமும் நேரத்தைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு மாலை நீங்களே வேப்பனஹள்ளி வழித்தடத்தில் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கே இறங்குகிற பெண்ணோடு அவர் வீடு வரை நடந்து பாருங்கள். அவர் வாசல் படியேறிய நேரத்தை ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளோடு முதலாளியின் அறைக்குப் போங்கள். அந்த வழித்தடத்துக்கு இன்னொரு வேன் விட்டால் அந்த நேரம் எவ்வளவு குறையும், மாதம் எவ்வளவு செலவாகும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தொழிலாளர் நல அலுவலர், தருமபுரி